நாமினி போட்டாச்சு, அப்புறம் என்ன?

முப்பத்து மூன்று வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். கணக்கு தொடங்க வருகிற ஒவ்வொருவரிடமும் "நாமினி போட்டீங்களா?" என்று கேட்டே பழகிய வாய். ஓய்வு பெற்று, செஞ்சிப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன மூன்றரை ஏக்கரில் இயற்கை வேளாண்மைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. என் கணக்கிலும் நாமினி போட்டிருந்தேன், மனைவி பெயரில். அதோடு கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடியவில்லை என்பது போன மார்கழியில்தான் தெரிந்தது. விடியற்காலை ஆறு மணி இருக்கும். மோட்டார் போட்டுவிட்டு ஜீவாமிர்த வாளியைத் தூக்கக் குனிந்தேன். வலது கை வரவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. பக்கவாதம். அவர்தான் பார்த்து ஓடிவந்து வண்டி ஏற்பாடு பண்ணி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இருபத்து மூன்று நாள் அங்கேயே. முதல் நாலைந்து நாள் எனக்கு நினைவே சரியாக இல்லை. அதற்குப் பிறகு நினைவு இருந்தது, பேச்சு இல்லை, கை இல்லை.

என் உடம்பைப் பற்றிச் சொல்ல இதை எழுதவில்லை. அந்த இருபத்து மூன்று நாளில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

"அவர் செத்தாத்தான் பணமா?"

அன்றைக்கு வீட்டில் ரொக்கமாக இருந்தது மூவாயிரத்துச் சொச்சம். என் சேமிப்புக் கணக்கில் பணம் இருந்தது. ஓய்வூதியமும் மாதாமாதம் அதில்தான் விழுகிறது. நாலாவது நாள் என் மனைவி பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போயிருக்கிறார். "சார், நான்தான் நாமினி. அவர் ஆஸ்பத்திரியில இருக்காரு, பணம் எடுக்கணும்." மேலாளர் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். "அம்மா, நாமினிங்கிறது அவருக்கு அப்புறம்தாம்மா. அவர் இருக்கும்போது அவர் கையெழுத்து வேணும்."

அதற்கு என் மனைவி கேட்டது: "அப்போ அவர் செத்தாத்தான் பணம் தருவீங்களா?"

அந்த மேலாளர் மேல் தப்பே இல்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இருந்தபோது சொல்லியும் இருக்கிறேன். மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த ஒருவரின் மனைவியிடம், கையில் குழந்தையோடு நின்றவரிடம், விதியைச் சொல்லி அனுப்பிவைத்திருக்கிறேன். அவர் அப்புறம் என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. படுக்கையில் கிடந்தபோது அந்த அம்மா முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

நாமினி என்பது சாவுக்கான ஏற்பாடு. உயிரோடு இருந்து கை விளங்காமல் கிடக்கிற நாட்களுக்கு அது உதவாது. நம்மில் பெரும்பாலானவர்கள் சாவுக்குத் தயாராக இருக்கிறோம், படுக்கைக்குத் தயாராக இல்லை.

வயலில் தவிக்கவில்லை, காகிதத்தில் தவித்தார்

அப்போது கிச்சிலிச் சம்பா அறுப்புக்கு நின்றது. ஒரு ஓரமாக விதைக்கென்று விட்ட தூயமல்லியும் இருந்தது. என் மனைவி ஆஸ்பத்திரிக்கும் வயலுக்கும் அலைந்துகொண்டே அறுப்பை முடித்தார். விதை நெல்லைக் கலக்காமல் தனியாக அடித்து, காயவைத்து, கட்டியும் வைத்துவிட்டார். மாடுகளுக்கு ஒரு வேளை தீவனம் தப்பவில்லை. வயலில் ஒரு குறையும் நான் சொல்ல முடியாது. நான் நின்றிருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

தவித்ததெல்லாம் காகிதத்தில். பயிர்க்கடன் எவ்வளவு, எப்போது கெடு, யாருக்குப் பணம் தரவேண்டும், யார் தரவேண்டும் எதுவுமே அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதைவிட நான் தெரியவிடவில்லை என்பதுதான் சரி. "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், உனக்கு எதுக்கு" என்று முப்பத்தைந்து வருடம் சொல்லிவந்திருக்கிறேன். அன்பாகத்தான் சொன்னேன். ஆனால் அது அவரைக் கையைக் கட்டி உட்காரவைத்த அன்பு.

இதில் நம்மைப் போன்ற இயற்கை உழவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கமிஷன் மண்டியில் போடுகிறவருக்கு மண்டிக்காரரிடம் ஒரு நோட்டாவது இருக்கும். நாம் நேரடியாக விற்கிறோம். என்னிடம் மாதாமாதம் அரிசி வாங்குகிற வீடுகள் பதினான்கு. சில பேர் முன்பணம் கொடுத்திருந்தார்கள், சில பேர் பாக்கி. மில்லில் பதினோரு மூட்டை கிடந்தது. ஒருவருக்கு விதை நெல் கடனாகக் கொடுத்திருந்தேன். இது அத்தனையும் என் தலைக்குள்ளும் செல்போனுக்குள்ளும்தான். என் விரலை வைத்து போனைத் திறந்துவிட்டார்கள். யு.பி.ஐ. பின் நம்பர் யாருக்கும் தெரியாது. "அண்ணா, அரிசி எப்போ வரும்?" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளைப் படித்து, யார் பணம் கட்டியவர், யார் கட்டாதவர் என்று தெரியாமல், கேட்ட எல்லோருக்கும் அனுப்பிவைத்தார் என் மனைவி.

இன்னொன்றையும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வேலி போடுவதற்கு ஒருவரிடம் அறுபதாயிரம் கைமாற்று வாங்கியிருந்தேன். வீட்டில் சொல்லவில்லை. "பேங்க்ல இருந்தவரு கைமாத்து வாங்கறாரா" என்று ஆகிவிடுமே என்ற கூச்சம். அவர் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர், தயங்கித் தயங்கி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். நான் கண்ணைத் திறந்து படுத்திருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இன்னும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் கொடுக்கவேண்டியவர் வந்துவிட்டார். எனக்குக் கொடுக்கவேண்டியவர்களில் இரண்டு பேர் இன்றுவரை வரவில்லை.

பயிர்க்கடன் கெடுவும் அந்த நாட்களில்தான் தாண்டிப்போனது. கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம்தான். என் கடன் 1,40,000 ரூபாய். 4,200 ரூபாய்ச் சலுகை போயிற்று. கடனைக் கட்ட யார் வேண்டுமானாலும் கட்டலாம், அதற்கு என் கையெழுத்து தேவையில்லை. கெடு தேதி தெரிந்திருந்தால் நெல்லை விற்றாவது கட்டியிருப்பார்கள். தேதி என் போனுக்கு வந்த குறுஞ்செய்தியில் இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அங்கே கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை, தவறினால் வட்டி உண்டு.

என்ன செய்திருக்கவேண்டும்?

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இதில் பாதி, வங்கிக்காரனாக எனக்கு முன்பே தெரிந்ததுதான். தெரிந்தும் செய்யவில்லை.

முதலாவது, கூட்டுக் கணக்கு. ஆனால் "கூட்டுக் கணக்குதான் சார்" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் எப்படி இயக்குவது என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். "எய்தர் ஆர் சர்வைவர்" என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். நமக்கு வேண்டியது இதுதான். "ஃபார்மர் ஆர் சர்வைவர்" என்று இருந்தால், அது விவசாயி என்று பொருள்படும் ஃபார்மர் அல்ல, முதல் பெயர்க்காரர் என்று பொருள். அவர் இருக்கும்வரை அவர் மட்டும்தான் எடுக்கமுடியும். "ஜாயின்ட்லி" என்றால் இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும்; ஒருவர் படுத்துவிட்டால் கணக்கே படுத்துவிடும். தவறாக இருந்தால் இருவரும் போய் எழுதிக்கொடுத்து மாற்றுங்கள். இரண்டு பேருக்கும் தனித்தனி ஏ.டி.எம். அட்டை வாங்குங்கள். பின் நம்பரை எழுதிக் கொடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். "யாரிடமும் சொல்லாதீங்க" என்று முப்பத்து மூன்று வருடம் சொன்ன வாய் இது. அவரவர் அட்டை, அவரவர் நம்பர் இருந்தால் அந்தக் கேள்வியே வராது.

இரண்டாவது, வைப்புத்தொகை. அதிலும் "எய்தர் ஆர் சர்வைவர்" போட்டிருந்தால் போதும் என்று நினைக்கிறோம். முதிர்வு தேதிக்கு முன்னால் உடைக்கவேண்டுமானால், இருவரும் உயிரோடு இருக்கும்போது, பொதுவாக இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஆகவே இருக்கிற பணம் முழுவதையும் ஒரே ரசீதாகப் போடாதீர்கள். ஒரு பகுதியை மனைவியின் தனிப் பெயரிலேயே போட்டுவையுங்கள். மூன்று மாத வீட்டுச் செலவு, மாட்டுத் தீவனம், கூலி இதற்கு ஆகிற தொகை அவர் கைக்கு எட்டும்படி இருக்கட்டும்.

மூன்றாவது, நகைக்கடன். நகை யாருடையது? வீட்டுப் பெண்ணுடையது. கடன் யார் பெயரில்? நம் பெயரில். அடகு வைத்தவர் வராமல் மீட்டுக் கொடுக்க வங்கி தயங்கும். தன் தாலிச்சங்கிலியைத் தானே மீட்கமுடியாத நிலை. இனிமேல் வைப்பதாக இருந்தால் அவர் பெயரிலேயே வையுங்கள். சீட்டு எங்கே இருக்கிறது, புதுப்பிக்கும் தேதி என்ன என்று எழுதிவையுங்கள்.

நான்காவது, அதிகாரப் பத்திரம். பவர் எழுதிக்கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். பாதிதான் சரி. கால் கை விளங்காமல், ஆனால் புத்தி தெளிவாக இருந்தால் அந்தப் பத்திரம் செல்லும். எழுதிக்கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்துவிட்டால், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. எப்போது மிகவும் தேவையோ அப்போது அது கையில் இல்லை. கோமாவில் கிடக்கிறவருக்குக் காப்பாளரை நியமிக்க நம் நாட்டில் தனிச் சட்டமும் கிடையாது. 2024-ல் கோமாவில் கிடந்த கணவரின் சொத்தைக் கையாள ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றம் போய், முதலில் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டில்தான் அவரைக் காப்பாளராக நியமித்தார்கள். அந்தப் படியெல்லாம் ஏற நம் வீட்டுப் பெண்களுக்கு நேரமும் பணமும் ஏது?

ஐந்தாவது, ஏற்கெனவே படுத்துவிட்டவர் வீட்டாருக்கு. கையெழுத்துப் போடமுடியாத நோயாளி பணம் எடுக்க ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. கைநாட்டு, அது முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை, அதுவும் முடியாவிட்டால் ஏதாவது ஒரு குறி. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்கவேண்டும். யார் பணத்தை வாங்கிப் போவது என்பதையும் நோயாளி காட்டவேண்டும். எனக்கு நினைவு தெளிந்த பிறகு ஒரு அலுவலர் ஆஸ்பத்திரிக்கு வந்து அப்படித்தான் முடித்துக்கொடுத்தார். இந்த விதி எனக்குத் தெரியும், சொல்ல வாய் வரவில்லை. என் மனைவிக்கு வாய் இருந்தது, விதி தெரியாது. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், கிளையில் எழுத்துமூலமாகக் கேளுங்கள். ஆனால் நினைவே இல்லாதவருக்கு இந்த வழியும் அடைபட்டதுதான்.

ஆறாவது, காப்பீடு. வருடம் 20 ரூபாய் பிடிக்கிற பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தை எல்லோரும் சேர்ந்து வையுங்கள், 70 வயது வரை சேரலாம். ஆனால் அது விபத்துக்கு மட்டும். விபத்தில் இரு கண்ணோ, இரு கையோ, இரு காலோ முழுதாகப் போனால் 2 லட்சம். பக்கவாதத்துக்குக் கிடையாது. எந்தக் காப்பீடு எதற்கு என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்தால்தான் அது காப்பீடு. தெரியாவிட்டால் வருடா வருடம் கட்டுகிற காணிக்கை.

ஒரு நாற்பது பக்க நோட்டு

இப்போது எங்கள் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. விதைப் பானைக்குப் பக்கத்து மாடத்தில். அதில் இருப்பது இவ்வளவுதான்: எந்தெந்த வங்கியில் என்ன கணக்கு, எப்படி இயக்குவது. என்னென்ன கடன், யாரிடம், எவ்வளவு, எந்தத் தேதி; கைமாற்று உட்பட. யார் நமக்குத் தரவேண்டும். அரிசி வாங்குகிற வீடுகள், முன்பணம், பாக்கி. மில், அறுப்பு இயந்திரக்காரர், மாட்டு வைத்தியர், மோட்டார் மெக்கானிக் போன் நம்பர். பட்டா, பத்திரம், மின் இணைப்பு யார் பெயரில், காகிதம் எந்தப் பெட்டியில். காப்பீடுகள், புதுப்பிக்கும் மாதம். பின் நம்பர், கடவுச்சொல் எதுவும் அதில் கிடையாது. வருடத்துக்கு இரண்டு தடவை, தையிலும் ஆடியிலும், உட்கார்ந்து திருத்துகிறோம். எழுதுவது அவர், சொல்வது நான். அப்படித்தான் செய்யவேண்டும். நான் எழுதிவைத்தால் அது என் நோட்டு. அவர் எழுதினால்தான் அவருக்குப் புரியாத இடம் எது என்று எனக்கே தெரிகிறது.

நோட்டோடு நிறுத்தாதீர்கள். ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். அந்த மாதம் பணம் எடுப்பது, கூலி கொடுப்பது, கடன் கட்டுவது எல்லாவற்றையும் மனைவியோ மகளோ மகனோ செய்யட்டும். நீங்கள் கூடப் போங்கள், வாயைத் திறக்காதீர்கள்.

மூன்று பதில்கள்

இதை எங்கள் உழவர் கூட்டத்தில் சொன்னபோது மூன்று விதமான பேச்சு வந்தது.

"எதுக்கு சார் அபசகுனமா?" என்றார் ஒருவர். அறுத்த நெல்லில் நல்லதைப் பொறுக்கி விதைக்கு எடுத்துவைக்கிறோமே, அடுத்த போகம் பொய்த்துவிடும் என்று சாபமிட்டா வைக்கிறோம்? இதுவும் அதே மாதிரிதான்.

"எல்லாம் தெரிஞ்சா பிள்ளைங்க சண்டை போடுவாங்க, சொத்தை எழுதி வாங்கிடுவாங்க" என்றார் இன்னொருவர். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தெரியப்படுத்துவது வேறு, எழுதிக்கொடுப்பது வேறு. பயந்துகொண்டு நிலத்தை அவசரமாக செட்டில்மென்ட் செய்யாதீர்கள். பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதியிருந்து, பிள்ளைகள் அதைச் செய்யாவிட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அதை ரத்துசெய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுதாமல் கொடுத்துவிட்டு அலைகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாமவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்மகிட்ட என்ன இருக்குன்னு எழுதறது?" இவருக்குத்தான் நான் அதிகம் சொல்லவேண்டும். நிறைய இருக்கிறவர் வீட்டில் ஒரு மாதம் பணம் முடங்கினால் யாராவது கொடுப்பார்கள். இரண்டு மாடும் ஒரு ஏக்கரும் இருக்கிற வீட்டில் பத்து நாள் முடங்கினால் முதலில் மாடு போகும், அதுவும் பாதி விலைக்கு.

எது தற்சார்பு?

தற்சார்பு என்று நாம் நிறையப் பேசுகிறோம். உரக்கடையை நம்பவேண்டியதில்லை, விதைக் கம்பெனியை நம்பவேண்டியதில்லை என்று பெருமைப்படுகிறோம். நியாயமான பெருமைதான். ஆனால் ஒரு வீட்டின் பணம் முழுக்க ஒரே ஒரு ஆளின் வலது கையை நம்பி இருந்தால், அந்த வீடு தற்சார்பு வீடா? வயலில் ஒரே பயிரைப் போடாதே, பூச்சி வந்தால் மொத்தமும் போகும் என்று ஊருக்குச் சொல்கிறோம். வீட்டு விவரம் அத்தனையும் ஒரே தலைக்குள் போட்டு வைத்திருக்கிறோமே, அதற்கு என்ன சொல்வது?

நிலத்தில் பாதிக்கு மேல் உழைக்கிற பெண்ணின் பெயர் பாஸ்புக்கில் இல்லை, கடன் சீட்டில் இல்லை, பட்டாவில் இல்லை. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறோம். விதை நெல்லைக் கலக்காமல் காப்பாற்றியவருக்கு ஒரு பாஸ்புக்கா புரியாது? நாம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது. கை முக்கால்வாசி வந்திருக்கிறது, கையெழுத்துதான் பழைய மாதிரி இல்லை; வங்கியில் புதிதாக மாதிரிக் கையெழுத்துக் கொடுத்தேன். அன்றைக்கே கணக்கையும் இருவர் பெயருக்கு மாற்றினோம். பாரத்தில் என் மனைவி பொறுமையாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். எனக்கு அவசரம், "கீழே கையெழுத்துப் போடேன்" என்றேன். "இருங்க, படிச்சிட்டுத்தான் போடுவேன்" என்றார். மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இந்த இதழை மூடிவைப்பதற்கு முன்னால் எழுந்து போய் உங்கள் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது, எப்படி இயக்கலாம் என்று போட்டிருக்கிறது என்று வீட்டில் இருப்பவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நாளை காலை ஒரு நோட்டு வாங்குங்கள். கைமாற்று ஏதாவது இருந்தால் அதை முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். திட்டு விழும், பரவாயில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் பேசமுடியாமல் கிடந்து அந்தப் பார்வையைப் பார்ப்பதைவிட, வாய் இருக்கும்போது திட்டு வாங்கிக்கொள்வது எவ்வளவோ மேல்.